ஒரு விரலுக்கு ஒரு கப்

சுங்கம் மெட்ரோ நிலையத்தின் முதல் தளத்தில் இருக்கும் லோகு காபி பாரில் மூன்று மாதமாக யாரும் வாயைத் திறந்து காபி கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை. முன்பு ஆர்டர் எடுக்கிற மேசை இருந்த இடத்தில் இப்போது 'குறிப்பு' நிற்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை இயந்திரம், அதன் வயிற்றில் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில் விரலை வைத்தால் நாடி, வியர்வை, ரத்தத்துச் சர்க்கரை, நேற்றுத் தூங்கினீர்களா, காலையில் வீட்டில் மல்லுக்கட்டிவிட்டு வந்தீர்களா என்று சகலமும் நான்கு விநாடியில் அதற்குத் தெரிந்துவிடும். பட்டியலில் இருக்கும் முப்பது வகைக் காபியில் உங்கள் மனசு எதைத் தேடுகிறதோ அதைத் திரையில் காட்டிவிட்டு, கப்பில் ஊற்றி நீட்டும். வேண்டியதை மட்டும்தான் ஊற்றும், வேண்டாததை ஊற்றவே ஊற்றாது என்று அதைச் செய்த கம்பெனி மார்தட்டிக்கொண்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஆர்டர் எடுத்துவந்த மோகனப்பிரியாவே அதை ஒப்புக்கொண்டாள். காபியில் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, அவள் கேட்காமலே, பாலைக் கூட்டி டிகாஷனைக் குறைத்து மிதமான சூட்டில் அது கொடுத்ததை மோகனப்பிரியா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கெட்டிக்கார மெஷின்தான் என்று மோகனப்பிரியா அன்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. காலை எட்டு மணிக் கூட்டத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒரு துண்டுச் சீட்டு எழுதாமல், யாருக்கு ஸ்ட்ராங், யாருக்கு லைட், யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று உள்ளே குரல் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காபி ஆள் மாறிப் போனதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. வேலை தெரிந்தவளுக்கு இல்லாத திமிர் வேறு யாருக்கு இருக்க வேண்டுமாம்?

குறிப்பு வந்த பிறகு அவள் சட்டையில் 'உதவியாளர்' என்று ஒரு வில்லையைக் குத்திவிட்டார்கள். கடையிலும் சத்தம் அடங்கிப்போனது. முன்பெல்லாம் "சர்க்கரை வேண்டாம் அம்மிணி" என்று ஒருவர் சொன்னால், ஏன் வேண்டாம், எந்த டாக்டர் சொன்னார், அந்த டாக்டர் கைராசிக்காரரா என்று பேச்சு வளரும். வரிசையில் பின்னால் நிற்பவர் தன் மருமகனுடைய சர்க்கரையைப் பற்றிச் சொல்வார். இப்போது சர்க்கரை வேண்டாம் என்பதை விரலே சொல்லிவிடுகிறது. வருகிறார்கள், விரலை வைக்கிறார்கள், கப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். வங்கியில் டோக்கன் வாங்குகிறவர்கள்கூட இதைவிடக் கலகலப்பாக இருப்பார்கள்.

குறிப்பால் செய்ய முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான், பை டூ. ஒரு காபியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் குடிப்பது. சிக்கனத்துக்காக என்று நினைத்தால் அது வெளியூர்க்காரர் நினைப்பு. அரைக் கப் குடித்தால்தான் அரை மணி கழித்து இன்னொரு அரைக் கப் குடிக்கலாம், அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம். அந்தக் கடையில் இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. பை டூவைக் குடிக்கிறவர்கள் ஊற்றக் கூடாது. பம்ப்செட் கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற சந்தோஷ்குமாரும் இர்ஃபானும் ஒரு காலத்தில் தாங்களே ஊற்றிக்கொண்டு, நுரை யாருக்கு அதிகம் போனது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதிலிருந்து மோகனப்பிரியாதான் ஊற்றுவாள். அவள் பிரித்த பாதியில் இதுவரை ஒருவரும் குறை கண்டதில்லை.

கம்பெனியின் விதியோ ஒரு விரலுக்கு ஒரு கப். ஜோடியாக வந்தவர் விரலை வைத்தால் குறிப்பு அந்த ஆசையையும் சரியாகப் படித்துவிடும். அதற்கென்று பட்டியலில் முப்பத்தொன்றாவதாக ஓர் இனம் இருந்தது. திரையில் 'விரும்புவது: உதவியாளர்' என்று எழுதி மணியடிக்கும். மோகனப்பிரியா போய் ஊற்றிக் கொடுப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி லோகநாதன் அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். மனுஷர் முகமே சரியில்லை.

"அம்மிணி, ஸ்டேஷன்காரங்க புது உத்தரவு போட்டிருக்கறாங்க. இனிமே உள்ள ஆளில்லாக் கடைக்கு மட்டுந்தான் இடமாம். நாளைக்குப் பரீட்சை. காலையில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மெஷின் தனியா நிக்கோணும். ஆளக் கூப்பிட்டு மணி மூணு தடவைக்கு மேல அடிச்சா தோத்துச்சுன்னு அர்த்தம்."

"ஜெயிச்சா எனக்கு வேலை இல்லைங்களா?"

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோத்தா?"

"தோத்தா கடையே இல்லை அம்மிணி. திங்கக்கிழமை பூட்டிச் சாவியக் குடுத்தரோணும்."

மோகனப்பிரியா கடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அந்த நிலையத்தில் உட்கார்ந்து பேச இருக்கும் இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓடுகிற பெட்டிகள். பதினாறு மேசை. எந்த மேசையில் எத்தனை மணிக்கு யார் வருவார் என்று அவளுக்கு மனப்பாடம். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"கடை இருக்கட்டுங்க. நாளைக்கு நானே வந்து உக்காந்துக்கறேன். யாருக்கும் இதச் சொல்ல வேண்டாமுங்க, பாவம் பாத்துப் பேசுனாங்கன்னா எனக்கு ஆகாது."

அங்கேதான் அவள் சறுக்கினாள். பரீட்சை என்ற செய்தி பாதி மட்டும் வெளியே கசிந்துவிட்டது. மெஷின் ஜெயித்தால் அம்மிணிக்கு வேலை போய்விடும் என்கிற பாதி.

சனிக்கிழமை நிலைய நிர்வாகத்திலிருந்து பரீட்சை அதிகாரியாக வந்தவள் நேத்ரா என்ற சென்னைப் பெண். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பலகைக் கணினி. மோகனப்பிரியாவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"மணி அடிச்சா மட்டும் எழுந்து போங்கக்கா. மத்தபடி யாருக்கும் எதுவும் எடுத்துக் குடுக்கக் கூடாது. வேலைல இருக்கறவங்க உதவி பண்ணா அதை நான் எழுதியே ஆகணும்."

"தாராளமா எழுதுங்க கண்ணு. எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்."

பத்தரை மணி வரை ஒரு மணியும் அடிக்கவில்லை. முந்நூறு கப் போயிருந்தது. பத்தே முக்காலுக்கு ஒரு ஜோடி வந்தது. மணி அடித்தது. மோகனப்பிரியா எழுந்து போய் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பதினொன்றுக்கு இன்னொரு ஜோடி. பதினொன்றேகாலுக்கு அடுத்த ஜோடி, பை டூவே குடிக்காத ஜோடி, அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசையைப் பார்த்தாள். ஒற்றை ஆளாக வருகிறவர்கள் எல்லாம் இன்றைக்கு இரண்டிரண்டாக நின்றார்கள். பன்னிரண்டு ஜோடி. முன்னால் சந்தோஷ்குமாரும் இர்ஃபானும், திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு.

பாவிகளா என்று அவள் மனசுக்குள் கத்தினாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கடைக்குப் பூட்டுப் போட வந்திருக்கிறார்கள். இர்ஃபான் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அது தட்டில் பட்டால் நாலாவது மணி.

"பாய், கைய எடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. நேத்ராவின் விரல் பலகைக் கணினியின் மேல் நின்றது. மோகனப்பிரியா சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி நேத்ராவின் மடியில் வைத்தாள்.

"எழுதிக்குங்க கண்ணு, மணி பதினொன்னு இருவது. இந்த நேரத்துல இருந்து நான் இங்க வேலையில இல்லை. என்ன மாதிரி ஒரு வாடிக்கைக்காரி காபி வாங்கி, அத யாருக்கோ குடுத்தா, அதுக்கு உங்க விதியில ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நேத்ரா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இல்லக்கா" என்றாள் மெதுவாக.

மோகனப்பிரியா நேராகப் போய் இர்ஃபானுக்கு முன்னால் நின்றாள். இந்தத் தட்டில் அவள் ஒரு நாளும் விரல் வைத்ததில்லை. வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பயம் பிடித்துக்கொண்டது. மனசில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிற மெஷின். உள்ளே இத்தனை குமுறலை வைத்துக்கொண்டு விரலை வைத்தால் என்னத்தைக் காட்டித் தொலைக்குமோ? மனசே, காபியை மட்டும் நினை என்று சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நல்ல காபி. ஸ்ட்ராங்காக, சர்க்கரை பாதி போட்டு. விரலை வைத்தாள்.

'விரும்புவது: ஸ்ட்ராங், அரைச் சர்க்கரை' என்று திரையில் வந்தது. கப் நிறைந்தது.

தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு சில்வர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்து, கப்பை உயர்த்தி ஊற்றினாள். நுரை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. இரண்டு டம்ளரையும் நண்பர்களிடம் நீட்டினாள்.

"மெஷின் தோத்தா கடைய மூடிருவாங்க சந்தோஷண்ணா. அது தெரியாம நீங்கெல்லாம் கூட்டஞ் சேத்தி வந்துருக்கறீங்க."

சந்தோஷ்குமாரின் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்களுக்குத் தெரியாதே அம்மிணி. உன்ற வேலை போயிருமேன்னுதான்..."

"என்ற வேலை போனா போகுது. நான் நல்லா வேலை செஞ்சேன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அத வெச்சுட்டு நான் தலை நிமுந்து வெளிய போயிருவேன். எனக்காக ஒரு மெஷினை ஏமாத்தி ஜெயிச்சாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுங்க. அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்."

பின்னால் நின்ற ஜோடிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பை டூவை மனசில் வைத்துக்கொண்டு விரலை வைத்தால் மணி அடித்துவிடும், மெஷினிடம் பொய் சொல்லவும் முடியாது. அதனால் ஒவ்வொருவராக வரிசையிலிருந்து விலகி, கைகளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். ரயிலுக்கு அவசரமாக வந்தவர்கள் மட்டும் விரலை வைத்துக் கப்பை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பன்னிரண்டு அடிக்கும் வரை ஒரு மணியும் ஒலிக்கவில்லை. கடை தேறிவிட்டது.

லோகநாதன் ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோகனப்பிரியா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எல்லா மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு, நகரும் படிக்கட்டில் இறங்கிப் போனாள். வீட்டுக்குப் போனபிறகு அழுதாள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம் நன்றாக அழுதாள், முகம் கழுவினாள், சாப்பிட்டாள். வருத்தம் இருந்தது, ஆனால் அவமானம் துளிகூட இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நேத்ராவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, உடனே கிளம்பிக் கடைக்கு வர முடியுமா?"

"என்ன கண்ணு, மெஷின் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. அதான் பிரச்சனையே. கம்பெனி இன்ஜினியருங்க ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்துட்டாங்க, எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது. ஆனா சனிக்கிழமை மத்தியானம் மூடின கடையை இன்னிக்குத்தான் திறந்தாங்க, ஏழு மணிலேர்ந்து பாதிப் பேருக்கு மேல காபி ஊத்த மாட்டேங்குது."

"ஊத்த மாட்டேங்குதுன்னா?"

"விரலை வெச்சா, 'விரும்புவது பட்டியலில் இல்லை'ன்னு எழுதுதுக்கா. சனிக்கிழமை தேறினதும் முப்பத்தொண்ணாவது ஐட்டத்தை அழிச்சுட்டாங்க. உதவியாளர்னு இருந்துச்சே, அது. இப்ப வர்றவங்க மனசுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுது, ஆனா காட்டறதுக்குப் பேர் இல்ல. வேண்டாததை ஊத்தவும் மாட்டேங்குது."

மோகனப்பிரியா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "பை டூ கேக்கறாங்களா?"

"தனியா வர்றவங்களுக்கும் அப்படித்தான் காட்டுது. நான் உக்காந்து ஒவ்வொருத்தரா கேட்டேன். காபிக்குத்தான் வந்தேன்னு சொல்றாங்க. அவங்களுக்கே தெரியலக்கா. இவ்வளவு நாளா நீங்க அங்கயே நின்னுட்டு இருந்தீங்க, 'வாங்க'ன்னீங்க, 'நேத்து ஏன் வரல'ன்னீங்க. அது கிடைச்சுட்டே இருந்ததால மெஷின் அதை ஒரு ஆசையா எழுதல. இப்ப கிடைக்கலைன்னதும் எல்லா விரல்லயும் அதுதான் முதல்ல தெரியுது."

மோகனப்பிரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். முந்நூறு பேர், நானூறு பேர். காபியைச் சாக்கு வைத்துக்கொண்டு தினமும் தன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு மெஷின் வேண்டியிருந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"அதுக்கு நான் வந்து என்ன கண்ணு செய்யறது? ஆளில்லாக் கடைக்குத்தான இடம்?"

"ஆளில்லாக் கடைன்னா ஆள் தேவைப்படாத கடைன்னு அர்த்தம். தேவைப்படுதுன்னு நான் எழுதியிருந்தா எங்க நிர்வாகம் நம்பியிருக்காது. மெஷின் எழுதினதால நம்பறாங்க. இந்தக் கடைக்கு மட்டும் விலக்கு குடுக்கச் சொல்லி இப்பத்தான் உத்தரவு வந்துச்சு. நீங்க வரணும்."

"வர்றேன். துணி இன்னும் நாலு இருக்குது, காயப்போட்டுட்டு வர்றேன்" என்றாள் மோகனப்பிரியா. நாலையும் உதறி, சுருக்கமில்லாமல் நிதானமாகத்தான் காயப்போட்டாள்.

அவள் படிக்கட்டில் ஏறி வந்தபோது கடை நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கையில் கப் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷ்குமார்தான் முதலில் எழுந்தார். அப்புறம் ஒவ்வொரு மேசையாக எழுந்தது. யாரும் கைதட்டவில்லை. அந்த ஊரில் அப்படியெல்லாம் பழக்கமில்லை. "வா அம்மிணி, இன்னும் பச்சைத் தண்ணி பல்லுல படலை" என்றார் இர்ஃபான், அவ்வளவுதான்.

குறிப்பின் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கம்பெனி இன்ஜினியர் ஒருவர் நின்றார். நேத்ரா பலகைக் கணினியை நீட்டினாள்.

"முப்பத்தொண்ணாவது இடத்தைத் திறந்துட்டோம்க்கா. உதவியாளர்னு போடச் சொன்னேன். லோகு சார் வேண்டாம், உங்க பேரையே போடணும்ங்கறார். நீங்களே சொல்லுங்க, எப்படிப் போடலாம்?"

மோகனப்பிரியா திரையைப் பார்த்தாள். ஸ்ட்ராங், லைட், அரைச் சர்க்கரை, சர்க்கரையில்லாதது என்று முப்பது வரி. அதன் கீழே ஒரு வெற்று வரி மினுக்கிக்கொண்டிருந்தது. தன் பெயர் அங்கே வருவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"எதையும் போட வேண்டாம் கண்ணு. நான் காபி தினுசு இல்லை, வரிசையில முப்பத்தொண்ணாவதா நிக்கறதுக்கு."

"அப்ப மெஷின் என்ன காட்டும்?"

"இப்ப என்ன காட்டுது?"

"பட்டியலில் இல்லைன்னு."

"அப்படியே காட்டட்டும். அது காட்டுச்சுன்னா நான் போய் என்னன்னு கேட்டுக்கறேன். பட்டியல்ல இல்லாததப் பாத்துக்கறதுக்குத்தான் நான் இங்க இருக்கறேன்."

இன்ஜினியர் நேத்ராவைப் பார்த்தார். நேத்ரா கதவை மூடச் சொன்னாள். மோகனப்பிரியா கையைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, வரிசையில் முதல் ஆளைப் பார்த்து, "வாங்க, நேத்தெல்லாம் எங்க போனீங்க?" என்றாள்.